சொந்த நிலத்தில் மீன் குளம்: வெட்டிய மண் எங்கே போனது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் எனக்கு 2 ஏக்கர் 60 சென்ட் புஞ்சை நிலம் இருக்கிறது. அப்பா செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது, பட்டா என் பெயரில் தனியாக உள்ளது. மீன் வளர்க்க 40 மீட்டருக்கு 50 மீட்டர் அளவில் ஒரு மீட்டர் ஆழம் வெட்டி, சுற்றிலும் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கரை போட்டேன். மேல் ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே சரளை. ஜேசிபிக்காரர் வாடகைக்குப் பதிலாக 40 டிப்பர் மண்ணை எடுத்துக்கொண்டார். மீதியைத் தெற்குப் பக்கம் அரை ஏக்கரில் பரப்பி மாங்கன்று வைக்கத் தயார் செய்தேன். கிராம நிர்வாக அலுவலர் டிப்பரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். 2,000 கன மீட்டர் கனிமம் எடுத்ததாகக் கோட்டாட்சியரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. கிழக்குப் பக்கத்து நிலக்காரர் என் பங்காளி. வடக்கு ஓடையை அடைத்துவிட்டேன், தன் வேர்க்கடலைக் கொல்லையில் குளத்துத் தண்ணீர் கசிந்து ஊறல் எடுக்கிறது என்று வழக்குப் போடப்போவதாகச் சொல்கிறார். சொந்த நிலத்தில் குளம் வெட்டியது குற்றமா?

பதில்: பட்டா நிலத்தில் மீன் குளம் வெட்டுவது குற்றமில்லை. உங்கள் சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வெட்டிய மண் வேலியைத் தாண்டி வெளியே போனது. இன்னொன்று, கரையின் வடக்கு ஓரம் ஓடைமேல் விழுந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே பதிலில் இரண்டையும் குழப்பினால் இரண்டிலும் தோற்பீர்கள்.

முதலில் மண். "வாடகை வேண்டாம், மண்ணை எடுத்துக்கொள்கிறேன்" என்று வண்டிக்காரர் சொல்வது வேலூர் மாவட்டம் முழுக்க நடக்கிற பேரம். பணம் கை மாறவில்லை என்பதால் இதை விற்பனையாக யாரும் நினைப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் வாடகை என்கிற கடனை மண்ணால் தீர்த்திருக்கிறீர்கள், அது விற்பனைதான். சரளை, 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 3(e) பிரிவிலேயே சிறு கனிமம் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. பட்டா நிலத்திலிருந்து அதை வெளியே கொண்டுபோகத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி ஆட்சியரின் அனுமதியும், வண்டிக்கு வண்டி நடைச்சீட்டும் வேண்டும். அனுமதி இல்லாமல் எடுத்தால் அந்த 1957 சட்டத்தின் 21(1) பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. 21(5) பிரிவின்படி கனிமத்தின் விலையையும் அரசுக்கு வரவேண்டிய கட்டணத்தையும் வசூலிக்கலாம். ஆகவே "என் நிலம், என் மண்" என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். வெளியே போன 40 வண்டிக்கு அந்த வாதம் நிற்காது.

ஆனால் நோட்டீஸில் இருக்கும் 2,000 கன மீட்டர் தவறான கணக்கு. நாற்பதை ஐம்பதால் பெருக்கி ஒரு மீட்டர் ஆழம் போட்டிருக்கிறார்கள். உங்கள் வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கணக்கை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

குளத்தின் பக்கங்கள் செங்குத்தாக இருக்காது. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு இரண்டு மீட்டர் சரிவு விட்டிருந்தால் அடித்தளம் 36-க்கு 46 மீட்டர்தான் வரும். அப்படியானால் தோண்டிய மண் சுமார் 1,825 கன மீட்டர். கரை மேலே 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம், இரு பக்கமும் அதே சரிவு என்றால் அடி அகலம் 6 மீட்டர், குறுக்கு வெட்டுப் பரப்பு 4 சதுர மீட்டர். கரையின் நடுக்கோட்டில் நடந்து அளந்தால் சுற்றளவு 204 மீட்டர். கரையில் நிற்கும் மண் 816 கன மீட்டர் ஆகிறது. மண் இறுகும்போது பத்து, பதினைந்து விழுக்காடு குறையும் என்பதால், குழியிலிருந்து கரைக்குப் போனது ஏறக்குறைய 920. நாற்பது டிப்பர், வண்டிக்கு 3 யூனிட் என்றால் 120 யூனிட். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். வண்டியில் ஏறியது 340 கன மீட்டர். அது வெட்டி உதிர்ந்த மண். உதிர்ந்த மண் ஐந்தில் ஒரு பங்காவது உப்பும், ஆகவே குழியில் இருந்த அளவு ஏறக்குறைய 280தான். மிச்சம் 625 கன மீட்டர். அதை அரை ஏக்கரில் பரப்பினால் தரை ஒரு அடி உயரும். உங்கள் தெற்குப் பக்கம் ஒரு அடி உயர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே அளந்து பாருங்கள். உயர்ந்திருந்தால் கணக்கு முழுதும் மண்ணிலேயே எழுதியிருக்கிறது, யாரும் மறுக்க முடியாது.

நிலத்துக்குள்ளேயே கிடக்கும் மண்ணுக்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. புனே கட்டுநர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில், அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை அதே மனையில் பயன்படுத்தினாலே அபராதம் என்று பொதுப்படையாகப் போடக்கூடாது, மண் எதற்குப் பயன்பட்டது என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும் என்றது. அது 2000 பிப்ரவரி 3 அறிவிக்கையில் மத்திய அரசு சிறு கனிமமாகச் சேர்த்த சாதாரண மண் பற்றிய தீர்ப்பு. சரளை தனியாகப் பெயர் குறிக்கப்பட்ட கனிமம் என்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பதிலில் மேல் ஒரு அடி செம்மண், கீழே சரளை என்பதை மறைக்காமல் எழுதி, கரையிலும் தோப்பிலும் கிடப்பது எடுத்துச் செல்லப்படவே இல்லை என்பதை முதன்மை வாதமாக வையுங்கள்.

செய்ய வேண்டியது இது. நோட்டீஸில் குறித்த தேதிக்குள், கனிம வளத்துறை அலுவலரும் வட்ட நில அளவரும் சேர்ந்து உங்கள் முன்னிலையில் கூட்டு அளவு எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வெளியே போன அளவை மட்டும் ஒப்புக்கொண்டு, அதே கனிமச் சட்டத்தின் 23A பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளத் தயார் என்று சொல்லலாம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் பதிலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அளவு எழுதாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இடம் காலியாக இருந்தால் பிறகு அதில் எந்த எண் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நீதிமன்ற வழக்காக மாறினாலும், கனிமச் சட்டக் குற்றத்தை 22-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப் புகார் இருந்தால்தான் நீதிமன்றம் எடுக்க முடியும். வண்டியை மீட்பது வண்டிக்காரர் வேலை, அவருக்காக நீங்கள் மனு எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இனி குளம் வெட்டப் போகிறவர்களுக்காக ஒன்று. இதே 40-க்கு 50 அளவில் ஒரு மீட்டருக்குப் பதிலாக 70 சென்டிமீட்டர் மட்டும் வெட்டி, கரையை 1.2 மீட்டர் உயர்த்தினால் வெட்டும் மண்ணும் கரை மண்ணும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். மேலே 40 சென்டிமீட்டர் காலியாக விட்டாலும் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அது போதும். ஒரு டிப்பர்கூட வெளியே போக வேண்டியதில்லை. கரைக்கு அதிக இடம் பிடிக்கும், தரைக்கு மேலே நிற்கும் தண்ணீர் கூடுவதால் கரையை இன்னும் கவனமாகக் கட்ட வேண்டும். ஆனால் வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

அடுத்தது ஓடை. இதில் உங்கள் நிலை மண் விஷயத்தைவிட மோசம். நில அளவைத் துறையின் எல்லை வரைபடமான புலப்படத்தை எடுத்து வடக்கு எல்லையைப் பாருங்கள். ஓடை இரட்டைக் கோடாகப் போட்டுத் தனி உட்பிரிவு எண் கொடுத்திருந்தால், ஊர் நிலங்களின் வகையைப் பதிந்து வைக்கும் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஓடை புறம்போக்கு என்று இருக்கும். அப்படி இருந்தால் வாதம் செய்ய எதுவும் இல்லை. நீர்வழிப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது, மாற்று இடம் தருகிறேன் என்று சொல்லியும் பயனில்லை. 2001-இல் ஹின்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் குளங்களைப் பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும் என்று சொன்னதை நம் நீதிமன்றங்கள் எல்லா நீர்நிலைகளுக்கும் எடுத்துச் சொல்கின்றன. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே கரையை உள்ளே தள்ளிவிடுங்கள். கூட்டு அளவு முடிந்து, டேப் வைத்துப் படம் எடுத்த பிறகு வெட்டுங்கள். முன்பே வெட்டினால் மேலே சொன்ன கரைக் கணக்கு கலைந்துவிடும். அதற்காக மழைக்காலம் வரை தள்ளிப்போடவும் கூடாது. 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வந்த வெள்ளத்தைக் குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடைத் தண்ணீர் போக வழியில்லாவிட்டால் முதலில் உடைவது உங்கள் புதுக் கரை, அடுத்து பங்காளியின் கொல்லை. கீழே ஏரிக்குப் போகும் வரத்தும் அதோடு கெட்டுவிடும்.

புலப்படத்தில் ஓடையே இல்லாமல், மேட்டு நிலத்துத் தண்ணீர் உங்கள் நிலத்தின் வழியே வழக்கமாக ஓடியது மட்டுமே என்றாலும் அதை மறிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இயற்கையான தடத்தில் ஓடும் நீர் தடையில்லாமல் தன் நிலத்துக்கு வரும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. மேட்டு நிலத்து மழைநீரைத் தாழ்ந்த நிலம் ஏற்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

ஊறல் பற்றிப் பங்காளி சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த கார்வேட்டிநகர ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமானபோது, ரயில்வே கம்பெனி போட்ட வழக்கை 1874-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது. ஊருக்காகத் தொன்றுதொட்டுக் காத்துவரும் ஏரி, கவனக்குறைவும் இல்லை, ஆகவே ஜமீன்தார் பொறுப்பில்லை என்றார்கள். அந்தப் பாதுகாப்பு ஊர் ஏரிக்கு உண்டு, லாபத்துக்காக நீங்கள் வெட்டிய குளத்துக்குக் கேட்க முடியாது. தண்ணீரைத் தேக்கியவர், அது தப்பிப் போய்ச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு என்கிற விதிதான் உங்கள் மேல் பாயும்.

சரளையில் வெட்டிய குளம் ஒழுகத்தான் செய்யும். ஜேசிபி மண்ணை ஒரே மூச்சில் கொட்டிக் குவித்த கரை, ஒரு மழைக்காலத்தில் இறங்கி, நண்டு வளை விழுந்து பக்கவாட்டில் கசியும். கரையின் நடுவில் தரைக்குக் கீழேயும் இறங்குமாறு ஒரு பள்ளம் எடுத்து, களிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு நனைத்து இடிக்க வேண்டும். ஏரி வண்டலும் களிமண்ணும் வேண்டுமென்றால் வட்டாட்சியரிடம் முறையாக அனுமதி வாங்கி எடுங்கள். கிழக்கு எல்லைக்கும் கரை அடிக்கும் இடையே மூன்று மீட்டராவது விட்டு, அதில் ஒரு வடிகால் எடுத்து ஊறலை உங்கள் தோப்புப் பக்கமே திருப்புங்கள். எல்லையை ஒட்டித் தோண்டினால் பக்கத்து நிலம் சரியும். அதன் தாங்குதலும் வசதியுரிமைச் சட்டம் காக்கிற உரிமைதான்.

மாங்கன்றைக் கரைமேல் வைக்காதீர்கள். வேர் கரையைத் துளைக்கும், பட்டுப்போன வேர் இருந்த இடம் குழாய் மாதிரி தண்ணீரை வெளியே விடும். கரையில் வாழை, பப்பாளி, கீரை போதும். மா, பரப்பிய தெற்குப் பக்கத்தில் 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று, எல்லையிலிருந்து 5 மீட்டர் உள்ளே. கிளை எல்லை தாண்டினால் அதுவும் பங்காளிக்கு ஒரு வழக்காகும். வைத்த ஆண்டே கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் கன்றுகளின் எண்ணிக்கையை ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கு நிலம் எடுப்பு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இலவச மின்சாரத்தில் ஓடும் கிணற்று மோட்டாரில் குளத்துக்குத் தண்ணீர் விடுவதாக இருந்தால், மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். விவசாயத்தோடு துணைத் தொழிலாக நடக்கும் மீன் வளர்ப்பு விவசாயக் கட்டணப் பிரிவில்தான் வருகிறது. குளத்து நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டருக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். தவறான பயன்பாடு என்று முடிவானால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள்.

பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் புதிய குளத்துக்கு ஹெக்டேருக்கு 7 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கில் பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 விழுக்காடு மானியம் என்று 2020-இல் வகுத்தார்கள். வெட்டி முடித்த குளத்தைப் புதிதாக வெட்டப்போவதாகக் காட்டி விண்ணப்பிக்காதீர்கள். கனிம வழக்குக் கோப்பில் வெட்டிய தேதி ஏற்கெனவே இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன், யார் குஞ்சு கொடுத்தாலும் விடாதீர்கள். கோழிக் கழிவு கொட்டினால் நாற்றப் புகார் வரும், கோட்டாட்சியர் பொதுத் தொல்லை என்று உத்தரவிட முடியும்.

சுற்றிலும் கம்பி வேலி போடுங்கள். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒன்றரை மீட்டர் தண்ணீரில் ஒரு குழந்தை நிலைகொள்ள முடியாது, சரிவில் கால் வழுக்கினால் ஏறவும் முடியாது. மீன் பிடிக்க வரும் பிள்ளைகள் கேட்டு வரமாட்டார்கள்.

பங்காளி நீதிமன்றம் போவதாகச் சொல்வதால் குடியாத்தம் உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148A பிரிவில் ஒரு கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும்; உங்களைக் கேட்காமல் தடையாணை வராது. அதே நேரம் நில அளவர் வரும் நாளில் அவரையும் அழையுங்கள். சங்கிலி இழுத்து எல்லைக் கல்லைக் காட்டும்போது அவர் நேரில் நிற்கட்டும். ஓடையைத் திறந்துவிட்டேன், வடிகால் இந்த இடத்தில் வருகிறது என்று காட்டி, அதை இரண்டு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.