வாசகர் கேள்வி – பதில்: ராண்ட்ஜன், கிரே, சீவர்ட்

கேள்வி: கீழக்கரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வாலிநோக்கம் கடற்கரையில் அலை ஒதுக்கிய கருமணல் பட்டையின் மேல் மாணவர்களோடு கதிர்வீச்சை அளந்தோம். எங்கள் ஆய்வகத்தின் பழைய முள் மானி மணிக்கு 0.012 மில்லி ராண்ட்ஜன் என்றது. புதிய டிஜிட்டல் மானி மணிக்கு 0.11 மைக்ரோ சீவர்ட் என்றது. ஆய்வுக் கட்டுரைகளிலோ மணிக்கு இத்தனை நானோகிரே என்று எழுதுகிறார்கள். இவற்றை ஒரே அலகுக்குக் கொண்டுவருவது எப்படி? கரையில் வலை உலர்த்துகிறவர்கள் அஞ்ச வேண்டுமா?

பதில்: முதலில் கிரேயைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அது 1 கிரே. 1975இல் இந்த அலகு ஏற்கப்படுவதற்கு முன் புழங்கியது ராட். 1 கிரே என்பது 100 ராட். ஆகவே மணிக்கு 1 மைக்ரோகிரே என்பதும் மணிக்கு 0.1 மில்லிராட் என்பதும் ஒன்றே. மணிக்கணக்கை விநாடிக்கணக்காக்க 3600ஆல் வகுத்தால் போதும். இதுவரை தசமப் புள்ளியும் கடிகாரமும் மட்டுமே வேலை செய்கின்றன. எந்தப் பொருள், எந்தக் கதிர் என்று கேட்க வேண்டியதில்லை.

ராண்ட்ஜன் அப்படிப்பட்டதன்று. எக்ஸ் கதிரோ காமாக் கதிரோ காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தையே அது அளக்கிறது: 1 ராண்ட்ஜன் என்பது ஒரு கிலோகிராம் காற்றுக்கு 0.000258 கூலும். அந்த மின்னூட்டத்தை உண்டாக்கக் காற்று உட்கவரும் ஆற்றலைக் கணக்கிட்டால், 1 ராண்ட்ஜனுக்குக் காற்றில் 8.77 மில்லிகிரே வரும். உங்கள் முள் மானி காட்டியது 12 மைக்ரோ ராண்ட்ஜன், 8.77ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 105 நானோகிரே. கட்டுரைகளோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான்.

கதிர் உடலில் ஏற்படுத்தும் பாதிப்பைக் குறிக்கும் அலகான சீவர்ட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காமாக் கதிருக்கு 1 கிரேயை அப்படியே 1 சீவர்ட் என்று எழுதிவிடும் வழக்கம் வகுப்பறையில் உண்டு. கடற்கரை அளவீட்டுக்கு அது போதாது. பொதுவாக இத்தகைய டிஜிட்டல் மானிகளைச் சீசியம்-137இன் காமாக் கதிரைக் கொண்டு சரிபார்க்கிறார்கள்; அந்தக் கதிருக்கு மானி காட்டும் சீவர்ட், காற்றின் கிரேயைவிட 1.2 மடங்கு. எனவே 0.11ஐ 1.2ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 92 நானோகிரே. 105க்கும் 92க்கும் உள்ள இடைவெளி, இவ்வளவு தாழ்ந்த அளவில் கைமானிகளுக்கு இயல்பானதே. முள் மானியை ஒரு கணம் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, பலமுறை குறித்துச் சராசரி எடுங்கள். மணலைத் தொட்டபடி எடுத்த அளவைக் கட்டுரை எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மனித உடல் ஓராண்டில் பெறும் அளவைக் கணிக்க மூன்றாவது எண் ஒன்று வேண்டும். பெரியவர்களின் முழு உடலுக்கு, காற்றின் 1 கிரேக்கு 0.7 சீவர்ட் என்று ஐ.நா. அறிவியல் குழு கொள்கிறது. ஓராண்டின் 8760 மணி நேரமும் ஒருவர் அந்தக் கரையிலேயே கிடந்தாலும், மணிக்கு 105 நானோகிரே என்ற கணக்கில் 0.64 மில்லி சீவர்ட்தான் சேரும். உலகில் எல்லா இயற்கை மூலங்களிலிருந்தும் ஒருவர் பெறும் ஆண்டுச் சராசரி 2.4 மில்லி சீவர்ட். வலை உலர்த்துகிறவர்களுக்கு எந்த அச்சமும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். மணலின் கருமை, கதிர்வீசும் தனிமமான தோரியத்துக்கு அடையாளமன்று, இல்மனைட் என்ற கனிமமும் கறுப்புத்தான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியத்தைச் சுமக்கும் மோனசைட் என்ற கனிமம் தேன் நிறமுடையது.

கேள்வி: பாம்பனிலிருந்து அம்மாவைக் கோபால்ட் கதிர் சிகிச்சைக்கு மதுரைக்கு அழைத்துச் செல்கிறேன். 25 தவணைகளில் 50 கிரே என்றார் டாக்டர். அத்தையின் பழைய சீட்டில் 5000 ராட் என்றிருக்கிறது. அம்மாவுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்களா? இந்த மாதம் மெஷின் ஓடும் நேரமும் சற்றுக் கூடியிருக்கிறது.

பதில்: 50 கிரேயும் 5000 ராடும் ஒன்றே, அம்மாவுக்கு எதுவும் குறையவில்லை. சில சீட்டுகளில் 5000 சென்டிகிரே என்றும் இருக்கும். 1 சென்டிகிரே சரியாக 1 ராட் என்பதால், பழைய எண்களை மாற்றாமலே எழுத அது உதவியது.

நேரம் கூடியதற்கு ஏற்பளவு வீதம், அதாவது ஒரு நிமிடத்தில் உடல் பெறும் கதிரின் அளவு, குறைந்தது காரணமாகலாம். கோபால்ட்-60 மூலத்தின் வலிமை 5.27 ஆண்டுகளில் பாதியாகிறது. மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்குகிறது. மூலம் இன்று நிமிடத்துக்கு 1.2 கிரே, அதாவது விநாடிக்கு 2 ராட் தருவதாகவும், ஒரே திசையிலிருந்து கதிரைச் செலுத்துவதாகவும் வைத்துக்கொண்டால், 2 கிரே சேர 100 விநாடி ஆகும். அடுத்த மாதம் 101 விநாடி. சிகிச்சைப் பிரிவின் இயற்பியலாளர் இந்த இறக்கத்தைக் கணக்கிட்டு நேரத்தைக் கூட்டுகிறார். அம்மாவின் உடலில் சேர்வது முன்போலவே தவணைக்கு 2 கிரே. நேரம் பல விநாடிகள் மாறியிருந்தால், கதிர் செலுத்தும் திசையோ பரப்போ மாற்றப்பட்டிருக்கலாம்; அதை அவரிடமே கேளுங்கள், சீட்டை எடுத்து விளக்குவார்.