பெங்களூரா, கோவையா: பதினொன்றரை மணிக்கு போன் வந்தால் யார் போவது?

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தையோடு எந்த ஊரில் குடியேறினால் நீங்கள் மீண்டும் வேலைக்குப் போக முடியும் என்று கேட்டு அனுப்பிய எக்செல் பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். பெங்களூரு, சென்னை, கோவை மூன்றுக்கும் வாடகை, பள்ளிக் கட்டணம், தண்ணீர், பூங்கா என்று பதினான்கு கட்டங்கள். மதுரையில் இருந்துகொண்டே இவ்வளவு விசாரித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கட்டத்தைக் காணோம். காலை பதினொன்றரைக்குக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து "பாப்பாவுக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால், அரை மணி நேரத்தில் அங்கே போய் நிற்பது யார்?

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, வாடகை குறைவு, வீடு பெரியது என்று சென்னை குரோம்பேட்டையில் குடியேறினோம். எனக்கு வேலை சிறுசேரியில், மனைவிக்கு அம்பத்தூரில், இரண்டுமே வீட்டிலிருந்து தூரம். இப்படி ஒரு போன் வந்த நாளில் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் நின்ற வண்டி நின்றபடியே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது காப்பகத்து ஆயா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கேட்டருகே நின்றிருந்தார். நெற்றியில் ஈரத்துணி. அந்த வாரமே வாடகை கூடினாலும் பரவாயில்லை என்று வேறு வீடு தேட ஆரம்பித்துவிட்டோம்.

அதனால் ஊரைப் பார்க்காதீர்கள். வீடு, காப்பகம், உங்கள் இருவரில் ஒருவருடைய அலுவலகம், இந்த மூன்றும் ஐந்து கிலோமீட்டருக்குள் அமையுமா என்று பாருங்கள். பெங்களூருவிலும் இது நடக்கும், கோவையில் நடக்காமலும் போகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்கப் பெண்கள் தயங்குகிறார்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு ஹெச்.ஆரிடம் தயங்காமல் கேளுங்கள். காப்பகம் அதே கட்டடத்திலா, எங்கோ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் கணவருக்குப் பெங்களூருவில் மாதம் 25,000 கூடக் கிடைக்கும் என்கிறீர்கள். சரி. அங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். 30,000 வாடகை என்றால் மூன்று லட்சம் முடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது (கேட்கிறார்கள், அது வேறு கதை). இதைவிடப் பெரிய கணக்கு உங்கள் சம்பளம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நான்கு வருட அனுபவம், இரண்டரை வருட இடைவெளி. கிடைக்கும் முதல் வேலை ஒத்துவரவில்லை என்றால், வீடு மாற்றாமல் இரண்டாவது வேலை தேட முடிகிற ஊர் எது? இதில் பெங்களூருதான் முன்னால் நிற்கிறது, மறைக்க மாட்டேன். கோவையில் சரவணம்பட்டி, கீரநத்தம், டைடல் பார்க் பக்கம் வாய்ப்பு உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் விஷயம், வயது. உங்கள் மகள் 2023 நவம்பரில் பிறந்தவள். தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு, ஆக 2029-ல் சேர்த்துவிடலாம். கர்நாடகத்தின் விதி ஜூன் 1 அன்று ஆறு வயது. 2025-26-க்கு ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். கேந்திரிய வித்யாலயாவிலும் ஆறுதான். கோவையில் யூ.கே.ஜி. முடித்துவிட்டு 2029-ல் பெங்களூரு போனால் குழந்தை இன்னொரு வருடம் யூ.கே.ஜி.யிலேயே உட்கார நேரிடலாம். அதில் குழந்தைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, பெற்றோருக்குத்தான் மனசு ஆறாது. "இப்ப கோவை, அப்புறம் பெங்களூரு" என்பது உங்கள் திட்டம் என்றால் இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். போகிற வருடத்து விதியைப் பள்ளியிலும் கேட்டுவிடுங்கள்.

கன்னடம் கட்டாயமாமே என்று கேட்டிருந்தீர்கள். 2015-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கன்னடம் ஒரு பாடம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது விளையாட்டு, வீட்டுப்பாடம் சொல்லித்தரும் உங்களுக்குத்தான் பாடு. சாதிச் சான்றிதழ் அடிப்படையில் மாநில அரசு தரும் இட ஒதுக்கீடு மாநிலம் தாண்டிப் போகாது. மேல்நிலைப் படிப்பை அங்கேயே முடித்துவிட்டு அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி இங்கே விண்ணப்பித்தால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். அதற்கு இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது.

என் ஓட்டு கோவைக்கு. உங்கள் மாமியார் உடுமலையில் இருக்கிறார், பஸ் ஏறினால் அன்றைக்கே வந்துவிடுவார். முதல் ஆறு மாதம் நீங்கள் வேலையில் நிலைக்க அது போதும். ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் கையில் ஆஃபர் லெட்டர் வந்த பிறகே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். ஆறு மாதம் தேடியும் கோவையில் அமையவில்லை என்றால் யோசிக்காமல் பெங்களூரு. மதுரையிலிருந்து வந்தே பாரத்தில் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அது ஒன்றும் அயல்நாடு இல்லை.

ஊர் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செவ்வாயோ புதனோ போங்கள், காலை எட்டரைக்குக் காப்பகத்து வாசலில் நில்லுங்கள். மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஏழு என்பார்கள். ஆறரைக்கு மேல் குழந்தையோடு யார் இருப்பார், அவர் எத்தனை வருடமாக அங்கே வேலை செய்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.