கரும்பலகைக்கு ஏற்ற புடவை

அன்புள்ள அக்கா,

பி.எட். முடித்திருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. புடவைதான் கட்டி வரணுமாம். ஏழாம் வகுப்புக்கு 20 நிமிடம் டெமோ கிளாஸும் உண்டு. அம்மா திருபுவனம் பட்டு கட்டு என்கிறார். தோழியோ கஞ்சி போட்ட காட்டன்தான் கம்பீரம் என்கிறாள். பஸ்ஸில் போகவேண்டும். எதைக் கட்டட்டும்?

எஸ்., மயிலாடுதுறை

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டுமே வேண்டாம் அம்மா. உட்கார்ந்து பதில் சொல்வது மட்டும் என்றால் எதைக் கட்டினாலும் சமாளிக்கலாம். நீங்கள் 20 நிமிடம் கையைத் தூக்கி எழுதப்போகிறீர்கள்.

பட்டில் ஜரிகை முந்தானையின் கனம் தோளைப் பின்னுக்கு இழுக்கும், வியர்வை பட்ட இடம் கறையாக நிற்கும். மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அழகுதான். ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தால் மடியிலும் பின்பக்கமும் விழுந்த சுருக்கம் அன்று முழுக்கப் போகாது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது உங்கள் மயிலாடுதுறை கூறைநாட்டுக்குப் பழகிய வேலை. அப்படியொரு சில்க் காட்டன் எடுங்கள். வெளிர் நிறம், 2 அங்குல பார்டர் போதும். கரும்பச்சை, கறுப்பில் சாக்பீஸ் தூள் பளிச்சென்று தெரியும்.

புதுப் புடவையென்றால், அடி விளிம்பில் உள்பக்கமாகத் தைக்கும் ஃபால்ஸ் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் தண்ணீரிலேயே அது சுருங்கி, புடவையின் அடி விளிம்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

புடவையைவிட ரவிக்கையைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில், தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் எழுதுவதுபோல் கையைத் தூக்கிப் பாருங்கள். ரவிக்கை மொத்தமாக மேலே ஏறுகிறதா? கைக்குழி, அதாவது கை வந்து சேரும் வளைவு, அக்குளுக்கு ரொம்பக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கை தூக்கும்போது அது பக்கத்துத் துணியையும் கூடவே தூக்கிவிடும். பக்கத் தையலைப் பிரித்து லூஸ் பண்ணினால் இது சரியாகாது, துணி ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. வேறு ரவிக்கைதான் தைக்கவேண்டும். கைக்குழியை ஏற்றி வெட்டி, உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். அளவு ரவிக்கை கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பழைய தப்பு அப்படியே திரும்பி வரும்.

உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். சாட்டினில் கொசுவம் வழுக்கி இறங்கும். அன்று போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். அடி விளிம்பு தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கவேண்டும், இல்லையென்றால் பள்ளிக்கூடப் படிக்கட்டில் தடுக்கும்.

தோளில் முந்தானைக்கு ஊக்கு குத்த அம்மாவிடம் சொல்லுங்கள். அப்போது இடது கையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இறுக்கிக் குத்தினால், போர்டை அழிக்கத் தூக்கும்போது ஊக்கு துணியைக் கிழிக்கும். ஊக்கில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டால், துணி அதன் சுருளுக்குள் போய் மாட்டாது. முந்தானை முழங்காலுக்குக் கீழே நீள வேண்டாம், பெஞ்சு முனையில் சிக்கும்.

எழுதும் கையில் கண்ணாடி வளையல் வேண்டாம். போர்டில் பட்டுச் சத்தம் போட்டால் பிள்ளைகளின் கவனம் அங்கேதான் போகும். கைப்பையில் நாலு ஊக்கு கூடுதலாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா