இறுகிப்போன படகு என்ஜின்: எதுவரை செலவு செய்யலாம்?

கேள்வி: நண்பரிடமிருந்து ஒரு பழைய படகை வாங்கினேன். மூன்று ஆண்டுகளாகத் தண்ணீரில் இறங்காத படகு. உள்ளே நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். ஒரு மெக்கானிக், "என்ஜின் ஜாம், கழற்றினால்தான் எதுவும் சொல்ல முடியும்" என்கிறார். இன்னொருவர், "கழற்றுகிற காசு வீண், புதுசு போட்டுடுங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் தள்ளி வையுங்கள். இரண்டாமவர் என்ஜின் விற்பவரா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

'டக்' சத்தம் மட்டும் என்ஜின் இறுகியதற்குச் சாட்சி ஆகாது. பேட்டரி படுத்திருந்தாலும், முனையில் பச்சை பூத்திருந்தாலும், செல்ஃப் மோட்டாரின் பல் மாட்டிக்கொண்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். கரையில் கிடந்த படகில் புரொப்பெல்லர் தண்டு அதன் ரப்பர் பேரிங்கில் ஒட்டிக்கொள்வதும் உண்டு; கியர் போட்டபடி விட்டிருந்தால் என்ஜினே இறுகிவிட்டது போலத் தெரியும். அதனால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, கிராங்க் புல்லியின் (என்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரம்) நடு போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனரைப் போட்டு, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்த் திசையில் பலம் காட்டினால் அந்த போல்ட்டே கழன்றுவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று: இன்ஜெக்டர்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைகள்) கழற்றாமல் சாவியை இனித் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது பிஸ்டனுக்கு வழி விடாது. செல்ஃபின் பலத்தில், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா துருப்பிடித்து நின்ற என்ஜினை இப்படி நாமே உடைத்துவிடுவதுதான் அதிகம். இன்ஜெக்டர் வெளியே இருந்தால், சுற்றும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போய்விடும், சேதம் இல்லை.

அப்படியும் அசையவில்லை என்றால் நிஜமாகவே இறுகியிருக்கிறது. ஆனால் நான்கு சிலிண்டரும் ஒன்றாக இறுகியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. என்ஜின் நின்ற நேரத்தில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள்தான் புகைக்குழாய் வழியாக ஈரக் காற்று எளிதாகப் போகும். ஒரு சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரு ரிங் துருவோடு ஒட்டிக்கொண்டால் போதும், மொத்த என்ஜினும் நின்றுவிடும். இந்த வகையாக இருந்தால் நல்ல காலம்.

இன்ஜெக்டர் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊற விடுங்கள். ஒரு மணி நேரம் போதாது. தினமும் கொஞ்சம் விட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அசிட்டோனையும், கார்களின் தானியங்கி கியர்பெட்டிக்குப் போடும் ஆயிலையும் சரிபாதி கலந்து ஊற்றச் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது, சட்டென்று தீப்பிடிக்கும், படகின் அடிப்பகுதியில் போய்த் தேங்கும். மூடிய என்ஜின் அறைக்குள் அந்த விஷப்பரீட்சை வேண்டாம், சாதாரண எண்ணெயே போதும். இடையில் மேல்மூடியைத் திறந்து வால்வுகள் மேலும் கீழும் போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வால்வும் ஒட்டியிருந்து அது தெரியாமல் சுற்றினால், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ் ராடு வளையும்.

சரி, ஒருநாள் ஸ்பேனருக்கு இம்மியளவு வழி விட்டது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சுற்றுகிற என்ஜின் வேறு, பிழைத்த என்ஜின் வேறு. ரிங்குகள் உரசும் பாதையில் துரு குழி பறித்திருந்தால் என்ஜின் ஓடும், ஆனால் புகைந்துகொண்டே ஓடும், ஆயில் குடிக்கும், குளிரில் கிளம்பாது. துளை வழியே சின்னக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் வெறும் கறையா, குழியா என்று தெரிந்துவிடும். பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம்) பாருங்கள். அளவு மொத்தத்தில் எவ்வளவு என்பதோடு, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதும் முக்கியம். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போனால் அந்தச் சிலிண்டரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கிற கட்டத்துக்கு வந்தால் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி: இந்த என்ஜினில் சிலிண்டருக்குக் கழற்றி மாட்டும் லைனர் (உள்சுவராக நிற்கும் தனிக் குழாய்) உண்டா, அல்லது பிளாக்கிலேயே துளைத்ததா? லைனர் வகை என்றால், இடம் இருந்தால் என்ஜினை இறக்காமலேயே பழையதை உருவிப் புது லைனரும் பிஸ்டனும் போட்டுவிடலாம். பிளாக்கிலேயே துளைத்தது என்றால் என்ஜினை வெளியே தூக்கி, பட்டறையில் ரீபோர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி), பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். உங்கள் பட்ஜெட்டை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான்.

அப்புறம் உதிரிபாகம். படகு டீசல்களில் பல, நிலத்தில் ஓடும் என்ஜின்களின் உடன்பிறப்புகள். பீட்டா மரைன், நான்னி போன்றவை குபோட்டா என்ஜின்களைக் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி விற்கின்றன. அதனால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் சுலபமாகக் கிடைத்துவிடலாம். சிக்குவது கடலுக்கென்றே செய்த பாகங்கள்: புகைப்போக்கி மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் பாகம்), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (என்ஜின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் பாகம்). அவை கிடைக்காத மாடலுக்கு ஓவர்ஹால் செய்வது (முழுதாகக் கழற்றிச் செப்பனிடுவது) வீண். அதேபோல கடல் தண்ணீரையே நேராக பிளாக்குக்குள் ஓடவிட்டுக் குளிரவைக்கும் பழைய வகை என்றால், வெளியே தெரியாமல் உள்வழிகள் அரித்திருக்கும். அதற்கு நான் பெரிய செலவு செய்ய மாட்டேன்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தெரியாமல் பழையதையும் மீட்காதீர்கள், புதியதையும் வைக்காதீர்கள். அரித்துப்போன புகைப்போக்கி முழங்கை, அடைத்த சைஃபன் தடுப்பு வால்வு (கடல் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு என்ஜினுக்குள் வராமல் தடுப்பது), கிளம்பாத என்ஜினை விடாமல் செல்ஃப் போட்டுப் போட்டுப் புகைக்குழாயைத் தண்ணீரால் நிரப்பியது ஆகியவை வழக்கமான காரணங்கள். அதைச் சரி செய்யாவிட்டால் புது என்ஜினுக்கும் இதே கதிதான்.

பணத்தை ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளாமல் கட்டம் கட்டமாக ஒப்புக்கொள்ளுங்கள். கழற்றிப் பார்க்க எவ்வளவு, பார்த்த பிறகு வேண்டாம் என்றால் மாட்டித் தருவாரா அல்லது பெட்டியில் போட்டுத் தருவாரா, பட்டறையில் கிடக்கும் நாளுக்கு வாடகை உண்டா, இந்தத் தொகையைத் தாண்டினால் கேட்காமல் வேலை செய்யக் கூடாது — இத்தனையும் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

புது என்ஜினின் விலைப்பட்டியலை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அதைத் தாங்கும் கால்கள் பழைய இடத்தில் உட்காராது, தண்டின் உயரம் மாறும், கியர் விகிதம் மாறினால் புரொப்பெல்லரும் மாறும், புகைக்குழாயின் விட்டம், மீட்டர் பலகை, வயரிங் எல்லாம் தனிச் செலவு. என் கணக்கு இது: ஒன்றிரண்டு சிலிண்டரில் கறை அல்லது லைனர் மாற்றத்தோடு முடிந்தால் மீட்கலாம். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, மூன்று நான்கு சிலிண்டரில் குழி விழுந்திருந்தாலோ மாற்றுவதே நல்லது.

கேள்வி: என் 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் என்ஜின்) முழு வேகத்தில் போகும்போதே நின்று இறுகிவிட்டது. ஆறியதும் கயிறு இழுத்தால் சுற்றுகிறது. மறுபடி ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். இது துரு இல்லை, சூட்டில் பிடித்தது. அலுமினிய பிஸ்டன் இரும்புச் சுவரைவிட அதிகம் விரியும். விரிந்து சுவரில் உரசி, தன்னைக் கொஞ்சம் அதில் தேய்த்துவிட்டு, ஆறியதும் சுருங்கி விட்டுக்கொடுத்திருக்கிறது. அடுத்த முறை கரையிலிருந்து இன்னும் தள்ளிப் பிடிக்கும்.

பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் பாருங்கள், புகை வெளியேறும் பக்கத்து மூடியைத் திறந்து பிஸ்டனின் பக்கவாட்டையும் பாருங்கள். சுவரில் ஒட்டியது அலுமினியம் மட்டும்தான், நகத்துக்குக் கீறல் தட்டுப்படவில்லை என்றால் சுத்தம் செய்து ஹோன் போட்டு (சுவரைச் சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்து)ப் புது பிஸ்டனோடு தப்பிக்கலாம். கீறல் ஆழம் என்றால் ரீபோர். சுவருக்குள் முலாம் பூசிய வகை என்றால் வெறும் ரீபோர் நடக்காது, அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டைத் தாங்கும் அடி பேரிங்குக்கும் அதே பெட்ரோலில் கலந்த ஆயில்தான் உயிர். ஆயில் குறைந்துதான் பிடித்தது என்றால் பேரிங்கும் அடி வாங்கியிருக்கும். அப்போது தலைப்பகுதியை (என்ஜின் இருக்கும் மேல்பாகம், பவர்ஹெட்) மட்டும் முழுதாக மாற்றுவது பற்றி யோசிக்கலாம், கீழ்க்கால் (கியரும் புரொப்பெல்லரும் இருக்கும் அடிப்பாகம்) நல்ல நிலையில் இருந்தால்.

காரணத்தைத் தேடும்போது தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், ஆயில் கலவை, கார்புரேட்டர் அடைப்பு என்ற வரிசையில் போங்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறுவதாக இருந்தால் அது பெரும்பாலும் எடை அதிகம். பின்பலகை தாங்குமா என்று பாருங்கள். தண்டு நீளம் 15, 20, 25 அங்குலம் என வரும். தப்பான நீளத்தை வாங்கிவிட்டு மாற்ற அலைபவர்கள் நிறைய.

கேள்வி: ஒருவர் பழைய என்ஜினை, "லேசாக இறுகியிருக்கு, கொஞ்சம் எண்ணெய் விட்டால் ஓடிடும்" என்று மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: அந்தக் கொஞ்சம் எண்ணெயை அவரே ஏன் விடவில்லை? உதிரிபாக விலைக்குத் தந்தால், உங்களிடம் அதே மாடல் இருந்தால், வாங்குங்கள். ஓடும் என்ஜின் என்று யாராவது விற்றால், போனதும் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாகியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கிளம்புவதைப் பார்த்தால்தான் கணக்கு. ஆயில் பால் நிறத்தில் இருந்தால், கியர் ஆயிலில் தண்ணீர் வந்தால், போல்ட் தலைகளின் மேல் புதுப் பெயிண்ட் இருந்தால், விலையைப் பேசவே ஆரம்பிக்காதீர்கள்.