1932 ஃபோர்டு ஹாட் ராட் காருக்குப் பழைய டிரம் பிரேக்குகளை மீட்டுப் பயன்படுத்தலாமா?

ஹாட் ராட் என்பது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார். அதற்குப் பழைய பிரேக்குகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சக்கரத்தோடு சுழலும் வட்டக் கிண்ணமான டிரம்மின் இரும்பு நன்றாக இருந்தால் மட்டுமே அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு; மற்ற பாகங்கள் அனைத்தையும் புதிதாக வாங்கிவிட முடியும்.

1932 ஃபோர்டின் பிரேக்குகள் இழுகம்பிகளால் இயங்குபவை. ஃபோர்டு கார்களுக்குத் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939 மாடலில்தான் என்பதால், 1939 முதல் 1948 வரையிலான கார்களின் 12 அங்குல பிரேக்குகளைக் கழற்றிப் பழைய அச்சில் பொருத்துவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். அவற்றிலும் 1940க்குப் பிந்தையவற்றையே தேடுங்கள். 1939 டிரம்மின் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்கள் அமையும் வட்டம்) மிக அகலமானது, 1940 முதல் வந்தவையோ உங்கள் காரைப் போலவே 5½ அங்குல வட்டம் கொண்டவை.

டிரம்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது கழற்றும்போதுதான். பின்பக்க ஹப் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி), கூம்பு வடிவ அச்சு முனையில் ‘கீ’ எனப்படும் சிறு உலோகத் துண்டோடு இறுகி அமர்ந்திருக்கும். அதை டிரம்மின் விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால், எண்பது ஆண்டுகள் தாங்கிய டிரம் சில நிமிடங்களில் கோணலாகிவிடும். ஹப்பையே பற்றி இழுக்கும் புல்லர் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களைத் தளர்த்திய பிறகே இழுக்கத் தொடங்குங்கள். ஹப்பிலிருந்து டிரம்மைப் பிரிக்க வேண்டியிருந்தால், வீல் ஸ்டட்களை (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்களை) சுற்றி அடித்து விரிக்கப்பட்டிருக்கும் உலோகத்தை முதலில் வெட்டி எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்துத் தள்ளினால் துளைகள் சிதைந்துவிடும். ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பழைய தூசியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்றே கொள்ளுங்கள். காற்றடித்து ஊதாமல், நனைத்துத் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு.

துருவை நீக்கியபின் டிரம்மைத் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கக்கூடும். ஆனால் தெளிவான ஒலி மட்டும் போதாது. உள்விட்டத்தைப் பல இடங்களில் அளந்தால்தான் தேய்மானமும் வட்டம் கெட்டிருப்பதும் தெரியும். பழைய டிரம்களில் எல்லை அளவு பொறிக்கப்பட்டிருக்காது. 12 அங்குல டிரம்மை லேத்தில் கடைந்தபின் 12.060 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதே பொதுவான வரையறை. அதற்குள் அடங்காத டிரம்மை, எவ்வளவு அரியதானாலும், ஒதுக்கிவிடுங்கள். கடைந்தபின் விட்டம் கூடிவிடுவதால், புதிய லைனிங்கை அந்த வளைவுக்கேற்பத் தேய்த்துப் பொருத்துவதும் அவசியம். இல்லையெனில் ஷூவின் சிறு பகுதி மட்டுமே டிரம்மைத் தொடும்.

பலரும் விரும்பும் ப்யூக் டிரம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் வந்த, வெளிப்புறத்தில் துடுப்பு போன்ற தகடுகள் கொண்ட அந்த அலுமினிய டிரம் வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது. என் கண்ணுக்கு அதைவிட அழகான பிரேக் பாகம் இல்லை. ஆனால் உராய்வைத் தாங்குவது உள்ளே இருக்கும் வார்ப்பிரும்பு வளையம்தான். அது தேய்ந்தோ அலுமினியத்திலிருந்து பிரிந்தோ இருந்தால் வாங்காதீர்கள்.

சக்கரத்தில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் இருந்தால் புதிய ரப்பர் கப் போட்டாலும் கசியும். பித்தளைக் குழல் செருகலாம், புதிதாக வாங்குவது எளிது. ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். பிரேக் மிதியிலிருந்து திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மீட்க வேண்டாம் என்பேன். அக்காலத்தது ஒற்றை அறை கொண்டது. ஒரு குழாய் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அதற்குப் பதிலாக இரட்டை அறை சிலிண்டரைப் பொருத்துங்கள்.