வாசலில் கட்டிய நாயும் சிறுத்தையும்

கேள்வி: குன்னூர் அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. போன வாரம் பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. எங்களிடமும் ஒரு நாய் இருக்கிறது. வனத்துறையிடம் சொல்லிக் கூண்டு வைக்கலாமா?

பதில்: கூண்டை அப்புறம் பார்க்கலாம். உங்கள் நாய் ராத்திரி எங்கே படுக்கிறது? வாசலில் சங்கிலி போட்டுக் கட்டுகிறீர்கள் என்றால், காவலுக்கு என்று நீங்கள் நினைத்தாலும் சிறுத்தைக்கு அது பந்தி விரித்த மாதிரிதான், கட்டிக்கிடக்கும் நாயால் ஓடக்கூட முடியாது. இருட்டும் முன் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். இடமில்லையா, கூரையோடு ஒரு கொட்டில் கட்டுங்கள். ஆளுயரச் சுவரைச் சிறுத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும், அதனால் மேலே திறந்திருந்தால் வீண். கோழிவலையும் பத்தாது, கனமான வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போட்டு, உள்ளே பாதம் நுழையாதபடி கண் சிறியதாகப் பாருங்கள், தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும்.

உத்தராகண்ட் மலைகளில் மந்தை காக்கும் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள், சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதால். மேய்ச்சல் நாய்க்குச் சரி. அதை நம்பி ராத்திரி வெளியே விடாதீர்கள்.

அடுத்தது குப்பை. கோழிக்கழிவும் மீந்த சோறும் கொட்டுகிற இடத்துக்குத் தெருநாயும் காட்டுப்பன்றியும் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தையின் மலத்தை ஆராய்ந்தபோது இரையில் முதலிடம் நாய்க்குத்தான்! வீட்டை ஒட்டி உண்ணிச்செடிப் புதர் இருந்தால் வெட்டிவிடுங்கள், பதுங்க அதற்கு அதுதான் வசதி. விடிய விடிய எரியும் விளக்கு அதற்குப் பழகிப்போகும், அசைவுக்கு எரியும் சென்சார் விளக்கு கொஞ்சம் பரவாயில்லை.

சரி, கூண்டு. புணே மாவட்டம் ஜுன்னரில் 2001 முதல் நிறைய சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள், மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. பிடித்த இடமும் காலியாக இருக்காது, வேறொன்று வரும். சிறுத்தையைக் கொல்ல விஷம், சுருக்குக் கம்பி, மின்வேலி என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைதான்.

நேரில் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடியே பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். பகலிலேயே வீடுகளுக்கிடையே நடமாடினாலோ, ஆளைக் கண்டும் நகராவிட்டாலோ அன்றைக்கே ரேஞ்சர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள், கூண்டு தேவையா என்று அவர்கள் வந்து பார்த்து முடிவு செய்யட்டும்.