திரையில் கறுப்பு ஏன் சாம்பலாகிறது?

கேள்வி: இரவில் விளக்கை அணைத்துவிட்டு என் எல்சிடி டேப்லெட்டில் படம் பார்த்தால், இருட்டுக் காட்சிகளில் திரை முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள்கூட மங்கலாக ஒளிர்கின்றன. என் சகோதரியின் ஓஎல்இடி டேப்லெட்டில் அந்தப் பட்டைகள் இருக்கும் இடமே தெரிவதில்லை. என் கருவியில் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் விவரிப்பது எல்சிடி திரையின் இயல்பு.

தாளில் கறுப்பு வேண்டுமானால் மையைப் பூசுகிறோம். திரையில் பூசுவதற்கு எதுவும் கிடையாது. ஒளி வராத இடமே அங்கே கறுப்பு. எனவே ஒரு திரையின் கறுப்பு எப்படி இருக்கும் என்பது, அது ஒளியை எவ்வளவு முழுமையாக நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது. எல்சிடி திரைக்குப் பின்னொளி தரும் வெள்ளை எல்இடி விளக்குகள், காட்டப்படுவது நள்ளிரவுக் காட்சியே ஆனாலும், எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஒளி, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகடு ஒன்றைக் கடந்து, திரவப் படிக அடுக்கினூடே சென்று, முதல் தகட்டுக்குச் செங்குத்தாக வைக்கப்பட்ட இரண்டாம் போலரைசரை அடைகிறது. படிக மூலக்கூறுகள் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றினால் ஒளி வெளியே வரும். மாற்றாவிட்டால் இரண்டாம் தகடு அதைத் தடுத்துவிடும். ஆனால் படிக அடுக்கிலும் நிற வடிகட்டியிலும் சிறிதளவு ஒளி சிதறிவிடுவதால் இந்தத் தடுப்பு முழுமையாவதில்லை. நன்றாகச் சாத்திய கதவின் இடுக்கில் அடுத்த அறையின் வெளிச்சம் கசிவதைப் போன்றதுதான் இது.

கசிவின் அளவையும் சொல்லிவிடலாம். டேப்லெட்டுகளில் பரவலாக உள்ள ஐபிஎஸ் வகை எல்சிடியில், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1000-க்கு 1 முதல் 1500-க்கு 1 வரை இருக்கும். வெள்ளை 500 நிட் (நிட் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) ஒளிர்ந்தால், 1000-க்கு 1 என்ற கணக்கில் கறுப்பு அரை நிட் ஒளிரும். பின்னொளியைக் குறைத்து வெள்ளையை 50 நிட்டுக்குக் கொண்டுவந்தால் கறுப்பும் 0.05 நிட்டுக்கு இறங்கிவிடும். இரவில் பிரகாசத்தைக் குறைத்துப் பாருங்கள்; உங்கள் குறையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். பகற்காட்சி ஓடும்போது அதே பட்டைகள் நல்ல கறுப்பாகத் தெரியும். உள்ளங்கைகளைக் குவித்து நடுவில் உள்ள படத்தை மறைத்துக்கொண்டு பட்டையை மட்டும் சற்று நேரம் பாருங்கள், அதுவும் சாம்பலாகிவிடும். கசிவு இரண்டு காட்சிகளிலும் ஒன்றுதான். பக்கத்தில் பிரகாசமான படம் இருக்கும்வரை கண் அந்தக் கசிவைப் பொருட்படுத்துவதில்லை.

ஓஎல்இடி திரையில் பின்னொளியே இல்லை. ஒவ்வொரு பிக்சலிலும் உள்ள கரிமச் சேர்மப் படலம் மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிரும், நிறுத்தினால் அணைந்துவிடும். 1987-இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. இருட்டறையில் உங்கள் சகோதரியின் திரையில் பட்டை தெரியாததற்குக் காரணம், அங்கே பிக்சல்கள் அணைந்திருப்பதுதான்.

உங்கள் திரையில் உண்மையான குறை உண்டா என்று அறிய, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டில் சில நிமிடங்கள் கண்ணைப் பழக்கிக்கொண்டு, தலையை இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். மூலைகளில் தெரியும் வெளிச்சம் தலையோடு சேர்ந்து இடம் மாறினால், அது சாய்கோணத்தில் பார்ப்பதால் ஐபிஎஸ் திரைகளில் எழும் ஒளிர்வு. ஏதாவது ஓர் ஓரத்தில் மட்டும் அசையாமல் ஒரு வெளிச்சத் திட்டு நின்றால், சட்டம் திரையை அழுத்துவதால் பின்னொளி கசிகிறது என்று கொள்ளலாம். அது படம் பார்க்கையிலேயே கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால், உத்தரவாதக் காலத்துக்குள் பழுது நீக்கும் மையத்தில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மினி எல்இடி திரையிலும் கறுப்பு நன்றாக இருக்கும் என்றார்கள். ஆனால் இருட்டுக் காட்சியில் வெள்ளை வசன எழுத்துகளைச் சுற்றிப் புகைபோல ஒளி படர்கிறதே?

பதில்: மினி எல்இடி என்பதும் எல்சிடிதான். அதன் பின்னொளி மட்டும் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள மண்டலம் அணைக்கப்படுகிறது. 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10,000-க்கும் மேற்பட்ட எல்இடிகள் 2,596 மண்டலங்களாக அமைந்துள்ளன. பிக்சல்களோ ஏறத்தாழ 56 லட்சம். அதாவது ஒரு மண்டலம் 2,000-க்கும் அதிகமான பிக்சல்களுக்கு ஒளி தர வேண்டும். ஒரு வெள்ளை எழுத்துக்காக மண்டலம் எரியும்போது, எழுத்தைச் சுற்றியுள்ள கறுப்புப் பிக்சல்களின் வழியாகவும் ஒளி கசிகிறது. நீங்கள் காணும் புகை அதுவே. எழுத்தின் நிறத்தை வெளிர்சாம்பலாக மாற்றினால் படர்வு வெகுவாகத் தணியும். 2024-இல் ஐபேட் ப்ரோ ஓஎல்இடிக்கு மாறியபோது இந்தச் சிக்கல் அதில் அடியோடு நீங்கியது.

கேள்வி: கடையில் இரண்டு வகைத் திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கறுப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஓஎல்இடிக்கு அதிகப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கடை வெளிச்சத்தில் தெரியாதது இயல்பே. 300 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமுள்ள அறையில், தன்மேல் விழும் ஒளியில் ஒரு சதவீதத்தைச் சிதறவிடும் கண்ணாடி, ஏறக்குறைய ஒரு நிட் அளவுக்குக் கறுப்பை வெளுக்கச் செய்துவிடும். மேலே கண்ட அரை நிட் கசிவைவிட அது இரண்டு மடங்கு. அணைந்த பிக்சலாலும் அறையின் வெளிச்சத்தைத் துரத்த முடியாது. அங்கே திரையின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்குத்தான் வேலை அதிகம். பகலிலும் விளக்கடியிலும் படிப்பதற்காக வாங்குபவர் கறுப்புக்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இருட்டில் படம் பார்ப்பதே முக்கியம் என்றால் தயங்காமல் ஓஎல்இடியை வாங்கலாம்.

கேள்வி: கறுப்புப் பின்னணியை வைத்தால் மின்கலம் மிச்சமாகுமா?

பதில்: சாதாரண எல்சிடியில் பின்னொளி எப்படியும் எரிவதால் சொல்லத்தக்க மிச்சம் இராது. ஓஎல்இடியில் மிச்சமாகும், எவ்வளவு என்பது பிரகாசத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் ஓஎல்இடி கைப்பேசிகளில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முழுப் பிரகாசத்தில் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமானது. நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீதப் பிரகாசத்தில் அது 3 முதல் 9 சதவீதம் மட்டுமே.